கதவைத் திறக்கும் முன்னால்: சின்னப் பிள்ளைகளுக்கான கண்டுபிடிப்புப் புத்தகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் சனி, ஞாயிறு சாயங்காலம் சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்துப் படப் புத்தகம் காட்டுகிறேன். ஒன்பது வருடமாகிறது. அதில் பாதிக்கு மேல், ‘இது யாரு, எங்கே ஒளிஞ்சிருக்கு’ என்று கேட்டுக் குழந்தையையே கண்டுபிடிக்கவைக்கும் புத்தகங்கள். பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாக்கள், தாத்தாக்கள், பக்கத்து அங்கன்வாடி டீச்சர்கள் இரண்டு பேர் என்று ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். நேரில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் ஏதாவது ஒரு குழந்தை வந்து முந்தானையை இழுத்துவிடும். அதனால் உட்கார்ந்து முழுசாக எழுதிவிட்டேன்.

கண்டுபிடிப்புப் புத்தகம் என்றால் என்ன? சாதாரணப் படப் புத்தகம் போதாதா?

பக்கத்தில் ஒரு பொருளின் கொஞ்சம்தான் தெரியும். வைக்கோல் கட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு வால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் அட்டையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை போட்டிருக்கும், அதன் வழியாக மஞ்சள் நிறம் மட்டும் தெரியும். குழந்தை அது என்னவென்று சொல்ல வேண்டும், அப்புறம் பக்கத்தைத் திருப்பியோ ஒட்டியிருக்கும் அட்டையைத் தூக்கியோ பார்க்க வேண்டும். அந்த அட்டைக்கு எங்கள் திண்ணைப் பிள்ளைகள் ‘கதவு’ என்று பேர் வைத்துவிட்டார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். கதவு வைத்தது, ஓட்டை போட்டது, பாதிப் பக்கம் வெட்டியது, சாக்குத் துணியோ பஞ்சோ ஒட்டித் தொட்டுப் பார்க்கவைப்பது என்று பல வகை உண்டு.

சாதாரணப் படப் புத்தகமும் வேண்டும், கதை கேட்கிற சுகமே வேறு. ஆனால் அதில் பெரியவர் படித்துக்கொண்டே போகலாம், குழந்தை சும்மா இருந்தாலும் புத்தகம் முடிந்துவிடும். இதில் குழந்தை விரலையோ வாயையோ அசைக்காமல் அடுத்த பக்கம் வராது.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

உட்காரத் தெரிந்ததும் ஆரம்பிக்கலாம். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ‘பாப்பா எங்கே, காணோமே... இதோ!’ என்று விளையாடுகிறோமே, கதவுப் புத்தகம் அதன் தம்பிதான். கண்ணுக்கு மறைந்தாலும் பொருள் அங்கேயே இருக்கிறது என்ற எண்ணம் சுமார் எட்டு மாதத்தில் தெரிய ஆரம்பிக்கிறது என்று ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே எழுதிவைத்தார். அந்த வயதுக் குழந்தைக்குக் கேள்வியெல்லாம் வேண்டாம், கதவைத் தூக்குவதே விளையாட்டு. ஒன்றரை வயதில் சுட்டிக்காட்டும், இரண்டில் பேர் சொல்லும். மூன்று வயதுக்கு மேல் ‘ஏன் அப்படி நினைக்கிறே’ என்று கேட்டால் பதில் வரும், அந்தப் பதில் வருகிற நாளிலிருந்துதான் நமக்கு ருசி.

எப்படி வாசிக்க வேண்டும்? நான் கேட்கிறேன், அவன் பேசாமல் இருக்கிறான், நானே சொல்லிவிடுகிறேன்.

அதுதான் எல்லோரும் செய்வது. கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மூச்சை இழுத்து விட்டு, மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்து எழுதினார்: ஆசிரியர்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஏறக்குறைய ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடிக்குக் கொண்டுபோனாலே பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று. அது பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றியது. இரண்டு மூன்று வயதுக்கு இன்னும் அதிக நேரம் வேண்டும், ஏனென்றால் அந்தத் தலைக்குள் முதலில் படம் ஓட வேண்டும், அப்புறம் சொல்லைத் தேட வேண்டும், அப்புறம் நாக்கு புரள வேண்டும்.

போன மாதம் மூன்று வயது நிரம்பாத ஒரு பையன் வந்தான். நான் மேலே சொன்ன வைக்கோல் பக்கத்தைக் காட்டி, யாரு இது என்று கேட்டேன். வாலையே பார்த்தான். வாலின் நுனியில் ஆள்காட்டி விரலை வைத்தான், எடுத்தான். திரும்பி எதிர்வீட்டு மாட்டுக் கொட்டகையைப் பார்த்தான். மறுபடியும் புத்தகத்துக்கு வந்தான். அவன் அம்மா ‘சொல்லுடா, மா...’ என்று ஆரம்பித்தார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். கடைசியில் மெதுவாக, ‘கன்னுக்குட்டி தூங்குது’ என்றான். வால் ஆடாமல் கிடந்ததால் தூங்குகிறது என்று அவனே முடிவுகட்டியிருக்கிறான்! கதவைத் தூக்கினோம், உள்ளே கன்று நின்றுகொண்டிருந்தது. ‘எழுப்பிட்டோம்’ என்றான்.

அந்த அம்மா முந்திக்கொண்டு ‘மாடு’ என்று சொல்லியிருந்தால் தூக்கமும் இல்லை, எழுப்பினதும் இல்லை.

அவன் சொன்ன பிறகு நீங்கள் ஒரு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள்: ‘ஆமாம், செவலைக் கன்னுக்குட்டி எழுந்துடுச்சு’. இப்படிக் கேட்பது, ஒப்புக்கொள்வது, நீட்டிச் சொல்வது, திரும்பச் சொல்லவைப்பது என்று போகிற முறையை அமெரிக்க உளவியலாளர் குரோவர் ஒயிட்ஹர்ஸ்ட்டும் கூட இருந்தவர்களும் இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். நாலே வாரம். வழக்கம்போலப் படித்துக்காட்டிய வீட்டுப் பிள்ளைகளைவிட இந்த வீட்டுப் பிள்ளைகள் பேச்சில் முந்தியிருந்தார்கள். 1988இல் வந்த ஆய்வு. ‘இதனால் படிப்புக்கு என்ன லாபம்’ என்று கேட்கும் அப்பாக்களுக்கும் என் பதில் இதுதான், தனியாக ஒன்று எழுதவில்லை.

தப்பாகச் சொன்னால் திருத்தலாமா?

முதலில் அது தப்புதானா என்று பாருங்கள்.

நான் செய்த ஒரு புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கப் பச்சை வயல், நடுவில் ஓட்டை, ஓட்டையில் வெள்ளைச் சிறகு. விடை கொக்கு. நாலு வயதுப் பெண் ஒருத்தி ‘மடையான்’ என்றாள். இல்லடா செல்லம், மடையான் மண் கலர்ல இருக்கும், இது வெள்ளையா இருக்கு பாரு என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். அவள் பேசவில்லை. மறுநாள் காலையில் வாய்க்கால் ஓரமாக நடந்துபோகும்போது காலடியிலிருந்து ஒரு மடையான் எழும்பியது. உட்கார்ந்திருந்தவரைக்கும் சேற்றோடு சேறாக இருந்த பறவை, சிறகை விரித்ததும் பளீரென்று வெள்ளை. அந்தப் பிள்ளை தினமும் அப்பாவோடு வயலுக்குப் போகிறவள், மடையான் பறப்பதை என்னைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறாள். சிறகு மட்டும் தெரிந்தால் அது மடையானாகவும் இருக்கலாம், அவள் சொன்னதுதான் கூர்மையான பதில். அடுத்த வாரம் அவளிடம் ‘நீ சொன்னது சரி, நான்தான் சரியாப் பாக்கலை’ என்று சொல்லி, அந்தப் பக்கத்தில் இரண்டாவது கதவு ஒன்று ஒட்டி உள்ளே மடையானை வரைந்தேன்.

அதிலிருந்து ‘இல்லை’ என்ற சொல்லைத் திண்ணையில் பயன்படுத்துவதில்லை. ‘அப்படியா, எதைப் பாத்துச் சொன்னே?’ என்று கேட்கிறேன். நிஜமாகவே தவறாக இருந்தால் கதவுக்குள் இருக்கும் படம் சொல்லிக்கொள்ளும், நாம் சொல்ல வேண்டியதில்லை. சில பிள்ளைகள் வேண்டுமென்றே ‘யானை’ என்பார்கள், எல்லாப் பக்கத்துக்கும் யானைதான். அதுவும் விளையாட்டுதான். ‘இந்தக் குட்டி ஓட்டைக்குள்ள யானை எப்படிப் போச்சு?’ என்று கேட்டால் ஒரு கதையே கிடைக்கும்.

விடை எல்லாம் தெரிந்த பிறகும் அதே புத்தகத்தையே கேட்கிறாளே, அலுக்காதா?

நமக்குத்தான் அலுக்கும். தெரிந்த கதவைத் திறந்து, நினைத்தது உள்ளே இருப்பதைப் பார்ப்பதில் ஒரு தைரியம் கிடைக்கிறது. இருபதாவது தடவை வந்ததும் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள்: அவள் கேட்கட்டும், நீங்கள் யோசித்து யோசித்துத் தப்பாகச் சொல்லுங்கள். பிள்ளை டீச்சராகிவிடும்.

கடையில் கிடைக்கும் புத்தகங்கள் எப்படி? நம்ம ஊருக்குப் பொருந்துமா?

கெட்டி அட்டைப் புத்தகங்களில் நல்லவை நிறைய இருக்கின்றன. ஆனால் வாங்குமுன் ஒவ்வொரு பக்கத்திலும் ‘இதை என் பிள்ளை நேரில் பார்த்திருக்கிறதா’ என்று யோசியுங்கள். பார்த்ததைத்தான் கண்டுபிடிக்க முடியும், பார்க்காததை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும், அது வேறு வேலை, வேறு புத்தகம்.

எங்களுக்கு ஒருவர் வெளிநாட்டுப் புத்தகம் ஒன்று அன்பளிப்பாகக் கொடுத்தார். ஒரு பக்கத்தில் வெள்ளை வெளேரென்று பனி, அதில் சின்னச் சின்னக் காலடித் தடம், யார் போயிருக்கிறார்கள் என்று கேள்வி. திண்ணையில் இருந்த அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் ‘கிருஷ்ணர் வந்துட்டாரு’ என்று கத்தினார்கள். கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து பூசை அறை வரைக்கும் மாவில் கால் வைக்கிறோமே, அவர்களுக்கு வெள்ளைத் தரையில் குட்டிக்கால் என்றால் அதுதான். கதவைத் திறந்தால் நரி. பிள்ளைகள் முகம் போன போக்கைப் பார்த்து, ‘நரி வெண்ணெய் திருட வந்திருக்கு போல’ என்று சமாளித்தேன்.

அதனால் வாங்குங்கள், கூடவே நம் வீட்டுப் பொருள் உள்ள புத்தகம் ஒன்றாவது கையில் இருக்கட்டும். இலவசமாக வேண்டுமென்றால் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளம். திறந்த உரிமத்தில் இருப்பதால் பதிவிறக்கி, கலர் பிரிண்ட் எடுத்து, வெட்டிக் கதவு ஒட்டிக்கொள்ளலாம். வரைந்தவர் பேரைப் பின்னட்டையில் எழுதிவிடுங்கள்.

இது முழுக்க மேல்நாட்டுச் சரக்கு என்கிறார் மாமனார். அப்படியா?

புத்தகத்தில் கதவு வைத்தது அங்கேதான். 1765 வாக்கில் லண்டனில் ராபர்ட் சேயர் என்ற பதிப்பாளர், மடிப்பைத் தூக்கத் தூக்கப் படம் மாறுகிற காகிதப் புத்தகங்களை விற்றார். இத்தாலிய ஓவியர் புரூனோ முனாரி, தன் மகனுக்கு ஏற்ற புத்தகம் கிடைக்கவில்லை என்று 1945இல் தானே கதவு வைத்த புத்தகங்கள் செய்தார். 1980இல் ஆங்கிலேய ஓவியர் எரிக் ஹில் செய்த நாய்க்குட்டிப் புத்தகம் உலகம் முழுக்கப் போனது, அதுவும் வீட்டில் தன் பையனுக்காக வரைந்ததுதான்.

ஆனால் கொஞ்சம் காட்டி மீதியைக் கேட்கிற விளையாட்டுக்கு நாம் யாரிடமும் போக வேண்டியதில்லை. மாமனாரையும் பேரப்பிள்ளையையும் சேர்த்து ஒருநாள் தாராசுரத்துக்குக் கூட்டிப்போங்கள். இரண்டாம் இராசராசன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலில் ஒரு சிற்பம் உண்டு: யானையும் காளையும் எதிரெதிரே நிற்கும், இரண்டுக்கும் சேர்த்து ஒரே தலை. காளையின் உடம்பைக் கையால் மறைத்தால் யானை மட்டும் நிற்கும், யானையின் உடம்பை மறைத்தால் காளை மட்டும் நிற்கும். எங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது முதலில் நான் மறைத்துக் காட்டினேன், அப்புறம் ஒவ்வொருவரும் உள்ளங்கையைத் தூக்கித் தூக்கி ‘யானை, மாடு, யானை, மாடு’ என்று சொன்னது ஓயவே இல்லை. கல்லில் செய்த கதவுப் புத்தகம் அது, கதவு நம் கைதான். (கல்லைத் தொடாமல், கண்ணுக்கு நேரே கையை வைத்து மறைத்தாலே போதும்.)

விடுகதையும் இதுவும் ஒன்றா? மூன்று வயதுக் குழந்தைக்கு விடுகதை போடலாமா?

உறவுதான், ஆனால் எல்லா விடுகதையும் எல்லா வயதுக்கும் ஆகாது. தொல்காப்பியத்தில் விடுகதைக்குப் பிசி என்று பேர். செய்யுளியலில் அதை இரண்டாகப் பிரிக்கிறார்: ‘ஒப்பொடு புணர்ந்த உவமத்தானும், தோன்றுவது கிளந்த துணிவினானும்’ என்று. ஒன்று, வேறொன்றாக உவமித்து மறைப்பது. மற்றது, கண்ணுக்குத் தெரிகிற அடையாளத்தைச் சொல்லி, கேட்பவரையே முடிவுக்கு வரவைப்பது. சின்னப் பிள்ளைகளோடு உட்காருகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழிகாட்டி எனக்குக் கிடைக்கவில்லை.

ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டி ஒருவன் கண்பட்டு உடைந்ததாம், அது என்ன? தேன்கூடு. இது முதல் வகை. மூன்று வயதுப் பிள்ளையிடம் கேட்டால் தச்சரையும் மண்டபத்தையும்தான் தேடும், பாவம். ஐந்து, ஆறு வயதில் இதைக் கேட்டுப் பாருங்கள், துள்ளிக் குதிக்கும். மூன்று வயதுக்கு இரண்டாவது வகை: ‘எட்டுக்கால் இருக்கும், முன்னால ரெண்டு கத்தரி இருக்கும், வரப்புல வளை தோண்டும், பக்கவாட்டுல ஓடும்’. ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஒரு சின்னக் கதவு, கடைசிக் கதவில் முழு நண்டு. எங்கள் பிள்ளைகளுக்கு மூன்றாவது கதவே தேவைப்பட்டதில்லை, கத்தரி என்றதும் கையை நண்டு மாதிரி வைத்துக்கொண்டு திண்ணை முழுக்க ஓடுவார்கள்.

நம் மண்ணுக்கென்றே இருக்கிற ஒன்று: ‘அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு’. நெல். அறுத்த தாள் வயலில், வைக்கோல் மாட்டுக்கு, மணி வீட்டுக்கு. இதை ஒரே நெட்டைப் பக்கமாக வரைந்து, கீழிருந்து மேலாக மூன்று கதவு வைத்தேன். வைக்கோல் கதவுக்குள் முதலில் வைக்கோல்போரைத்தான் வரைந்திருந்தேன், பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. இப்போது அறுவடை மிஷின் போன பின்னால் இன்னொரு மிஷின் வந்து உருளை உருளையாகச் சுருட்டிப் போட்டுவிடுகிறது, அவர்களுக்கு வைக்கோல் என்றாலே உருளைதான். படத்தை மாற்றினேன். போரையும் விட்டுவிட மனசில்லாமல் பின்னட்டையில் வரைந்துவைத்திருக்கிறேன், தாத்தாக்கள் அதைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

வீட்டிலேயே எப்படிச் செய்வது? எனக்கு வரையவும் வராது.

வரையத் தேவையில்லை. போனில் படம் எடுத்து, ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் போட்டால் போதும். சொல்லப்போனால் தன் வீட்டு டபராவையும் தன் வீட்டு முறத்தையும் புத்தகத்தில் பார்க்கிற சந்தோஷம் எந்த ஓவியத்திலும் கிடைக்காது.

அட்டைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். தை, மாசியில் வந்து குவிகிற கல்யாணப் பத்திரிகைகளைத் தூக்கிப் போடாதீர்கள். கெட்டியான தாள், ஒருபக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும், கதவுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. மூலையில் தடவிய மஞ்சளோடு வெட்டிக்கொள்ளலாம், அந்த வாசனை கொஞ்ச நாள் இருக்கும், பிள்ளைகள் முகர்ந்து பார்ப்பார்கள். பக்கங்களுக்குப் புடவைப் பெட்டி அட்டையோ பழைய காலண்டர் அட்டையோ. பக்கம் ஒரு சாண் சதுரம் இருந்தால் குழந்தை மடியில் அடங்கும். ஆறு பக்கம் போதும், எட்டுக்கு மேல் வேண்டவே வேண்டாம்.

முதலில் கிழிவது கதவின் கீல் பகுதிதான். தாளை அப்படியே மடித்து ஒட்டினால் ஒரு வாரம் தாங்காது. பழைய வேட்டியிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்குத் துணி கிழித்து, பாதியைக் கதவின் முதுகிலும் பாதியைப் பக்கத்திலும் வைத்து ஒட்டுங்கள், அது வருடக்கணக்கில் உழைக்கும். பசை, மைதாவைக் காய்ச்சியதே நல்லது. பைண்டிங் கடைகளில் பூச்சி வராமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள், அது விஷம், வாயில் வைக்கிற குழந்தையின் புத்தகத்தில் அதைச் சேர்க்கவே கூடாது. கதவின் கீழ் ஓரத்தில் விரல் நுழைகிற மாதிரி அரைவட்டமாக வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பிஞ்சு நகத்தால் தூக்க முடியாமல் அழும். மூலைகளில் ஐந்து ரூபாய்க் காசை வைத்து வரைந்து உருட்டி வெட்டுங்கள். ஸ்டேப்ளர் பின் வேண்டாம், ஓரத்தில் மூன்று துளை போட்டுக் கெட்டி நூலால் கட்டிவிடலாம். ஜிகினா, பாசிமணி, பொத்தான் எதையும் ஒட்டாதீர்கள், மூன்று வயது வரைக்கும் எல்லாம் வாய்க்குள்தான் போகும்.

எவ்வளவு காட்டுவது என்பதுதான் கஷ்டம். பொருளில் கால்வாசி தெரிந்தால் சரியாக வருகிறது, ஆனால் எந்தக் கால்வாசி என்று யோசிக்க வேண்டும். மீன்கொத்தியின் நீல முதுகு மட்டும் தெரிந்தால் அது நீலத் துணியாகவும் இருக்கலாம், அலகு தெரிந்துவிட்டால் கேள்வியே இல்லை, முதுகும் தண்ணீரில் அது பார்க்கிற மீனும் தெரிந்தால் யோசிக்க இடம் உண்டு. முதல் பக்கத்தில் நிச்சயமாகச் சொல்லக்கூடியதை வையுங்கள். வீட்டுப் பூனையின் காது, அம்மாவின் வளையல் கை, இப்படி. ஒன்று சரியாக வந்துவிட்டால் மற்றதற்குத் துணிச்சல் வரும்.

கிழித்துவிடுகிறான்.

கிழிப்பான். துணியை வைத்து மறுபடி ஒட்டுங்கள், அவனையும் பசை தடவச் சொல்லுங்கள். புத்தகத்தை அலமாரியில் பூட்டிவைப்பதைவிடக் கிழிவது மேல்.

மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கிறது, பூச்சி அரிக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் சுவரே வியர்க்கும், மைதாப் பசை உள்ள புத்தகம் தப்பாது. மூடிய பீரோவில் வைக்காதீர்கள், காற்றாடக் கயிற்றில் கவிழ்த்துப் போடுங்கள். வெயில் அடிக்கிற நாளில் ஒரு மணி நேரம் விரித்துவையுங்கள். ராமபாணப் பூச்சிக்கு நன்றாகக் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து அலமாரியில் வைத்தால் ஓரளவு குறைகிறது. முழுப்பக்க லேமினேஷன் செய்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு படம் கறுத்துவிடும் என்பது என் அனுபவம், அதைவிடக் கெட்டுப்போன புத்தகத்தை அடுத்த கல்யாண சீசனில் புதிதாகச் செய்துவிடலாம்.

போனில் இதே மாதிரி ஆப் இருக்கிறதே?

இருக்கிறது. தொட்டதும் திறக்கும், உடனே சத்தம் போட்டு விடையைச் சொல்லும். நான் மேலே சொன்ன அந்த ஐந்து விநாடி அதில் கிடையாது, மடையானைச் சொன்னால் ‘எதைப் பாத்துச் சொன்னே’ என்று அது கேட்காது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இருக்கிறது. வெளியூரில் இருக்கிற அப்பா வீடியோ காலில் புத்தகத்தைக் காட்டி, ‘கதவைத் திறக்கட்டுமா’ என்று கேட்டால் அது வேறு, தாராளமாகச் செய்யுங்கள். துபாயிலிருந்து ஒரு அப்பா அப்படித்தான் செய்கிறார், இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் ஒரே மாதிரி இரண்டு புத்தகம் செய்துகொடுத்தேன்.

பகல் முழுக்க அப்பாயிதான் பார்த்துக்கொள்கிறார், அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அப்படியென்றால் கொடுத்துவைத்த பிள்ளை. இந்தப் புத்தகங்களில் எழுத்து இருந்தால் ஒரு வரிதான், இல்லாவிட்டாலும் ஓடும். எங்கள் தெருவில் ஒரு அப்பாயி நெல் புத்தகத்தைக் கையில் வாங்கியதும், ‘இது யாரு வூட்டு வயலு? இதுல யாரு நடவு நட்டா?’ என்று பேத்தியிடம் கேட்டார். நான் அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்றே நினைக்கவில்லை. மேட்டூர் தண்ணி எப்ப வந்துச்சு, நாத்து எப்ப பறிச்சாங்க என்று கதவு திறக்காமலே அரை மணி நேரம் போனது. படிக்கத் தெரிந்த நாம் எழுத்தைப் படித்து முடித்ததும் அடுத்த பக்கத்துக்கு அவசரப்படுகிறோம், அவர் படத்திலேயே இருக்கிறார்.

இரண்டரை வயதாகிறது, இன்னும் பேச்சு வரவில்லை. இந்தப் புத்தகத்தால் வருமா?

புத்தகத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். இரண்டு வயதுக்கு மேல் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ‘அப்பனும் லேட்டாத்தான் பேசினான்’ என்று வீட்டில் சொல்வார்கள், இருந்தாலும் காட்டிவிடுவது நல்லது. புத்தகம் கூடவே நடக்கட்டும். விரலால் காட்டுவதும் பதில்தான், ‘மா’ என்று கத்துவதும் பதில்தான்.

தமிழில் கேட்பதா, இங்கிலீஷில் கேட்பதா?

வீட்டில் எந்த மொழியில் சண்டை போடுகிறீர்களோ அதில் கேளுங்கள். குழந்தை யோசிக்கிற மொழியில் கேட்டால்தான் யோசித்ததைச் சொல்ல வரும்.

அங்கன்வாடியில் இருபது பிள்ளைகள், ஒரே புத்தகம். கத்துகிற பிள்ளையே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறதே?

இரண்டு வழி செய்து பார்த்திருக்கிறோம். பெரிய சார்ட்டில் படத்தை ஒட்டி, வயரில் துணி காயப்போடுவதுபோல் ஒரு துண்டைப் போட்டு மறைத்து, துண்டை மெல்ல மெல்ல இழுப்பது ஒன்று. விடை தெரிந்தவர்கள் வாயால் சொல்லக் கூடாது, அந்தப் பிராணி மாதிரி செய்து காட்ட வேண்டும். தவளை என்றால் இருபதும் குதிக்கும், கூச்சப்படுகிற பிள்ளையும் கும்பலோடு குதித்துவிடும். இன்னொன்று, சாக்குப்பைக்குள் நிஜப் பொருளைப் போட்டு ஒவ்வொருவராகக் கையை விட்டுத் தடவிப் பார்ப்பது: தேங்காய் நார், கரண்டி, வெற்றிலை, படி. படியைத் தடவின ஒரு பையன் ‘தாத்தாவோட டம்ளர்’ என்றான்.

உங்களிடம் இருப்பதைக் கடனாகத் தருவீர்களா?

தருவேன். 1931இல் மன்னார்குடிக்குப் பக்கத்து மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார், சீர்காழியில் பிறந்த நூலக மேதை ரங்கநாதன் அதைத் தொடங்கிவைத்தார். அந்த வண்டி போன மண்ணில் இருந்துகொண்டு புத்தகத்தைப் பூட்டிவைக்க எனக்கு மனசு வராது. என்னிடம் வண்டி இல்லை, ஸ்கூட்டரில் ஒரு பை இருக்கிறது, புதன்கிழமை நாலு ஊர் போய் வருகிறேன். ஒரு வீட்டுக்கு ஒரு புத்தகம், ஒரு வாரம். கிழிந்தால் பரவாயில்லை, காசு எதுவும் வேண்டாம். திருப்பித் தரும்போது, உங்கள் பிள்ளை சொன்ன பதில்களில் கதவுக்குள் இல்லாத ஒன்றை மட்டும் என்னிடம் சொல்லுங்கள். பின்னட்டையில் தேதி போட்டு எழுதிவைக்கிறேன். நெல் புத்தகத்தின் பின்னட்டையில் இடமே இல்லை, அதற்கு ஒரு தாள் சேர்த்து ஒட்ட வேண்டும்.